கதவுக்கல்

ஹைல்ப்ரோன்
பிப்ரவரி 3, 2008

ஹெனிங்,

நேற்று நீ மறுபடி மறுபடி கூப்பிட்டாய். போன் சமையலறை மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்தது. அம்மா அதைப் பிடித்து உள்ளே தள்ளி வைத்தாள். எடு என்று சொல்லவில்லை.

போனில் நீ பேசுவாய், நான் சரி என்பேன். வைத்த பிறகுதான் சொல்ல நினைத்தது ஞாபகம் வரும். இந்த முறை அப்படி ஆகக்கூடாது. அதனால் எழுது. நானும் எழுதுகிறேன்.

அப்பாவின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். நடுவில் இருந்தவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. கட்டு மாற்ற வந்த நர்ஸிடம், "இனிமே கடையில ரெண்டு பீர்தான் கேக்க முடியும். மூணாவதுக்கு விரல் இல்ல" என்றார். அவள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருத்தப்பட்டாள்.

நடந்ததை அவரே சொன்னார். தொழிற்சாலையில் கறுப்பு ரொட்டி வெட்டும் புது இயந்திரத்தில் ஒரு ரொட்டி சிக்கிக்கொண்டது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். காத்திருந்தார். பூட்டு விடுபட்டது, பச்சை விளக்கு எரிந்தது. கதவைத் திறந்து கையை விட்டார். கத்தித் தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கூடத்தின் இரைச்சலில் அது காதில் விழாது என்று உனக்குத் தெரியும்.

"பாத்துட்டுக் கைய விட்டிருக்கக் கூடாதாப்பா?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கதவு தெறந்துச்சு. அது எம் பொண்ணு செஞ்ச கதவு. தெறந்தா நின்னுடுச்சுன்னு அர்த்தம்."

அந்த இயந்திரம் வந்து இறங்கிய நாளில் நீதான் அவரைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினாய். கதவை இயக்கும் நிரலின் தலைப்பில், எழுதியவர் என்ற இடத்தில் ரமோனா பிட்ஸர். அன்றிலிருந்து அந்த ரொட்டி வரிசையில் வேலை செய்கிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

அம்மாவுக்கு இன்றுதான் நம் வேலையை முழுதாக விளக்கினேன். இயந்திரத்தை ஓட்டும் நிரலை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. மோட்டாருக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று துண்டு துண்டாக எழுதிச் சோதித்து வைத்துக்கொள்வோம். பிறகு வேண்டிய இயந்திரத்தில் எடுத்து அடுக்குவோம், சுவர் கட்டுவது போல. அதனால்தான் ஆபீசில் அதைக் கல் என்கிறோம் என்றேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "கேக் அச்சு மாதிரியா? அப்ப அச்சுல ஓட்டை இருந்தா எல்லா கேக்கும் ஒழுகுமேடி." குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டாள்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். அந்த இயந்திரத்தில் கத்தித் தண்டு ஓய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தாயா?

மே மாதம் நம் பதிவுத் திருமணத்தைத் தள்ளிவைக்கணுமா என்று அம்மா கேட்டாள். உன் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ரமோனா


போஸ்னான்
பிப்ரவரி 11, 2008

மோனா,

கையால் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இல்லை, சிரி.

அளக்கவில்லை.

இதை எழுதிவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். வேறு எப்படி எழுதினாலும் இது மாறவில்லை. எல்லாம் முடிந்து, வாடிக்கையாளர் கையெழுத்துக்குக் காத்திருந்த நாள் அது. மோட்டார் கல், நகரும் பட்டைக்கான கல், கதவுக்கல் எல்லாம் வைத்தாயிற்று. கதவுக்கல்லில், பூட்டு விடுபடுமுன் காத்திருக்கும் நேரம் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். காலியாக விட்டால் கல் தன் நேரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று தெரியும். அது நீ வைத்த நேரம், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். சோதித்த கல்லை யாராவது மறுபடி சோதிப்பார்களா? சோதிக்காமல் வைக்கத்தானே கல்லே செய்தோம்?

கறுப்பு ரொட்டிக்கான தண்டு கனம், ஓய அதிக நேரம் ஆகும். அதைக் கையால் தூக்கி வைத்தவனே நான்தான். அந்தக் கனம் என் தோளுக்குத் தெரிந்தது, தலைக்கு வரவில்லை.

முதலாளி கூப்ளர் என்னை வரிசையாக அனுப்புகிறார். கதவுக்கல் போன இடமெல்லாம் போக வேண்டும், தண்டை ஓடவிட்டு, நிறுத்தி, அளந்து, சரியான நேரத்தை எழுத வேண்டும். இங்கே ரொட்டி வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் பெண்கள். நான் வந்த பிறகு கதவு தாமதமாகத் திறக்கிறது. இன்று ஒரு அம்மாள், "தம்பி, கதவ எங்க பொழைப்பு மாதிரி ஆக்கிட்டியே. தட்டிட்டு நின்னாதான் தெறக்குது" என்றாள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் கையுறையைக் கழற்றிப் பத்து விரலாலும் தலைமுடியைக் கட்டியதைப் பார்த்தேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

என்னை மீன்காரன் என்று கேலி செய்வாரே, அந்த மீன்காரன் விசாரித்தான் என்று அப்பாவிடம் சொல். மே மாதம் அப்படியே இருக்கட்டும் என்று கேட்கிறேன். கேட்க உரிமை உண்டா என்று தெரியவில்லை.

ஹெனிங்


ஹைல்ப்ரோன்
பிப்ரவரி 19, 2008

ஹெனிங்,

நீ அளக்கவில்லை என்று மழுப்பாமல் எழுதினாய். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது. பொய் சொல்லியிருந்தால் வந்திருக்கும் கோபத்தைவிடக் குறைவுதான்.

ஆனால் நான் வைத்த நேரம் என்று எழுதியிருக்கிறாய். அது எப்படி வந்தது என்று உனக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

நான் எழுதிய முதல் கதவுக்கல் காலி இடத்தை ஒத்துக்கொள்ளாது. நேரம் எழுதாவிட்டால் இயந்திரமே கிளம்பாது. நீ லின்ட்ஸிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை போன் செய்தாய்.

"மோனா, ஒரு கதவுக்கு இத்தனை கேள்வியா? கல்யாணத்துக்குப் பொண்ணு கேக்கப் போனாக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க."

"ஒவ்வொரு தண்டும் வேற வேறன்னு..."

"எல்லாம் ரொட்டிதான்மா. காலியா விட்டா அதுவே ஒரு நேரத்த எடுத்துக்கற மாதிரி வெச்சு அனுப்பு. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

"சரி," என்றேன்.

மெல்லிய வெள்ளை ரொட்டி இயந்திரத்தின் நேரத்தை உள்ளே வைத்தேன். அப்போது அந்த இயந்திரங்களைத்தான் விற்றுக்கொண்டிருந்தோம். தவறு என்று மனது சொன்னது. இன்னொரு தடவை போன் செய்து, வேண்டாம், நீ அளந்துதான் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். உன்னோடு வாதாட வேண்டுமே என்ற கூச்சத்தில் சொல்லவில்லை. கல்லூரியிலும் இப்படித்தான். எல்லோருக்கும் தெரிந்த ஏதோ எனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொள்வேன்.

ஆக, இது நாம் இருவரும் செய்தது. உன் தலையில் மட்டும் கட்டமாட்டேன். அது எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, கேவலமாகவும் இருக்கிறது.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஸ்பெட்ஸ்லே அவர்தானே செய்வார். பலகையில் மாவை வைத்து, கத்தியால் கீற்றுக் கீற்றாகக் கொதிநீருக்குள் வழிக்கிற வேகத்தை நீயே வாய் பிளந்து பார்த்திருக்கிறாய். இந்த ஞாயிறு இடது கையால் முயன்றார். மாவு மொத்தமாகத் தண்ணீருக்குள் விழுந்தது. அம்மா அதைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்து, வெட்டி, குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். மூவரும் தின்றோம். "மீன்காரன் இருந்தா இதையும் நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பான்" என்றார்.

பதிவுத் தேதியை நான் மாற்றவில்லை.

ரமோனா


ஓடென்ஸ
மார்ச் 2, 2008

மோனா,

உன் கடிதத்தைப் போகிற இடமெல்லாம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அந்த ரயில் ஞாபகம் இருக்கிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷம் ஞாபகம் இருக்கிறது. நீ சரி என்று சொன்னது மட்டும் இல்லை.

இங்கே கடல் பக்கம். காற்றில் எங்கள் ஊர் வாசனை. வேலை முடிந்தது. அடுத்து இன்னும் இரண்டு ஊர், கடைசியாக லின்ட்ஸ்.

கூப்ளர் விபத்தைப் பற்றி எழுத்தில் விவரம் கேட்டார். கொடுத்துவிட்டேன். நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே, உன்மேல் எதுவும் வராது. விருந்துக்கு அந்த ஆற்றோர விடுதியையே பேசிவிடலாமா? உன் சித்தப்பாக்கள் எல்லோரும் வந்தால் அங்கேதான் இடம் போதும்.

ஹெனிங்


ஹைல்ப்ரோன்
மார்ச் 9, 2008

ஹெனிங்,

நீ கொடுத்த விவரம் ரொட்டித் தொழிற்சாலைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கும் வந்தது.

"இயந்திரம் கையேட்டின்படி ஒப்படைக்கப்பட்டது. கத்தி முற்றிலும் நின்றதைக் கண்ணால் உறுதிசெய்த பின்னரே உள்ளே கை விட வேண்டும் எனக் கையேடு கூறுகிறது. இயக்குபவர் அவ்வாறு செய்யவில்லை." கீழே உன் கையெழுத்து.

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. காலியாக விட்ட இடத்தைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை.

அந்த வரிசைக்கு வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பது அப்பாதான். அவர் பெயரைப் போட்டு, கவனக்குறைவு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அப்பா உன் காகிதத்தைப் படித்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்கான்" என்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ரமோனா


ஹாம்பர்க்
மார்ச் 15, 2008

மோனா,

எப்படி எழுதினாலும் நீ நம்பப்போவதில்லை என்று நினைத்து இரண்டு நாள் எழுதவில்லை. இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன். சொல்லமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறுகிறேன்.

கல்லில் குற்றம் என்று நான் எழுதினால், விபத்து ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதை எழுதியது யார் என்பதுதான். தலைப்பில் உன் பெயர் இருக்கிறது. நான் போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை, உன் பெயர் மட்டும்தான் இருக்கும். ஒருவருக்குக் காயம் உண்டாக்கிய வழக்கு உன்மேல் வரும்.

அதை யோசித்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா எனக்குப் போன் செய்தார். மருத்துவமனையிலிருந்து. யார் போனை வாங்கினாரோ தெரியாது.

"டேய் மீன்காரா, கேளு. அந்தக் கதவு மேல இருக்கறது எம் பொண்ணு பேரு. எங்க வம்சத்துலயே மொத மொத காலேஜ் படி ஏறினவ அவ. நான் பாக்காம கைய விட்டேன்னு எழுது."

"அது நியாயம் இல்லீங்களே."

"பொய் சொல்லச் சொன்னேனா? நான் பாக்கலதானே? அத எழுது, மத்தத விடு."

"அவளுக்குத் தெரிஞ்சா என்னை விட மாட்டா."

"தெரியாது. உனக்கும் எனக்கும்தான் தெரியும். கல்யாணம் ஆகி ஒரு நாள் நல்லா குடிச்சிட்டு ரெண்டு பேருமா சொல்லிக்கலாம். அவ திட்டுவா, வாங்கிக்கலாம்."

நான் அவரிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வேன்? அவர் கை போனது என்னால். அவர் கேட்ட ஒன்றே ஒன்றையும் செய்யமாட்டேன் என்பதா? உன்னைக் காப்பாற்றத்தான் கையெழுத்துப் போட்டேன், மோனா. எனக்காக இல்லை. இதையாவது நம்பு.

ஹெனிங்


ஹைல்ப்ரோன்
மார்ச் 30, 2008

ஹெனிங்,

நம்புகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஆய்வாளரைப் போய்ப் பார்த்தேன். ஐம்பது வயதுப் பெண்மணி. குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி, குடி என்று சொல்லாமல் என் பக்கம் தள்ளினாள். கதவுக்கல்லை விரித்துக் காட்டினேன். வரி வரியாக விளக்கினேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

"இந்த நேரத்தை உள்ளே வைத்தது யார்?"

"நான்."

"யாராவது வைக்கச் சொன்னார்களா?"

ஹெனிங், உன் பெயரையும் சொன்னேன். அந்தப் போன் பேச்சைச் சொன்னேன். உன்னை விட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் அதுவும் நீ எழுதியது மாதிரி ஒரு உண்மையாகத்தான் இருந்திருக்கும். நீ அளக்கவில்லை என்பதை நீயே சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்தபோது கால் நிதானமாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. ஒரு பிரெட்ஸல் வாங்கி நின்றுகொண்டே தின்றேன்.

வீட்டில்தான் உடைந்தேன். அப்பா இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"உன்ன யாரு போகச் சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா. என்கிட்ட யாரும் எதுவும் கேக்கவே இல்லையே. அதான் நானே போனேன்."

"என் கை போனது போனதுதான். உன் பேரும் சேந்து போகணுமா? எல்லாத்தையும் கெடுத்துட்டு வந்து நிக்கறியே!"

"உங்க பேரு பலகையில தொங்குதேப்பா."

"ஆமா, என் பேரு பெரிய பேரு! ரொட்டி வெட்டறவன் பேரு. நாலு நாள் தொங்கும், அப்புறம் அது மேல வேற எவனோட பேராவது தொங்கும். உன் பேரு அப்படியாடி?"

பிறகு அவர் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால் அம்மாவிடம் சொல்கிறார். அவள் என்னிடம் சொல்கிறாள். நான் எடுத்து வைக்கிறேன்.

கூப்ளர் என்னைக் கற்களைத் தொடக்கூடாது என்று சொல்லி, கையேடு எழுதும் அறைக்கு அனுப்பிவிட்டார்.

நீங்கள் இருவரும் என்மேல் உள்ள பிரியத்தில் செய்தீர்கள். தெரிகிறது. நான் கூப்பிடும் தூரத்தில்தான் இருந்தேன், ஹெனிங். ஒருவராவது வந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம். வேறு எதையும்விட அப்பாவின் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன். இந்த முறை சரி என்று சொல்லியிருக்கமாட்டேன்.

ரமோனா


லின்ட்ஸ்
ஏப்ரல் 13, 2008

மோனா,

கடைசி இயந்திரமும் முடிந்தது.

ஆய்வாளருக்குப் புதிய விவரம் அனுப்பிவிட்டேன். காலியாக விட்டேன், அளக்கவில்லை, அப்படி வைக்கச் சொன்னதும் நான்தான் என்று எழுதினேன். முதல் விவரத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதினேன். கூப்ளர் போனில் கத்தினார். ராஜினாமா கொடுப்பதற்கு அது வசதியாக இருந்தது.

இந்த ஊரில்தான் அந்தப் போன் பேச்சு. ரயில் நிலையத்துக்குப் போய் அந்த நடைமேடையில் நின்று பார்த்தேன். நீ அன்று பேசியது ஏதாவது ஞாபகம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. நீ இவ்வளவு காலம் சுமந்ததில் எனக்கு ஒரு துளிகூட இல்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நான் என்ன செய்தால் சரியாகும் என்று இதுவரை நானே முடிவு செய்து செய்து பார்த்தேன். இப்போது கேட்கிறேன். தாமதம்தான். உனக்கு என்ன வேண்டும்? நான் வரட்டுமா? இந்த மாதம் முழுவதும் பிரேமனில் அம்மா வீட்டில் இருப்பேன். வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

ஹெனிங்


ஹைல்ப்ரோன்
மே 4, 2008

ஹெனிங்,

உனக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். முடிவு தெரியட்டும் என்று காத்திருந்தேன். பிறகு முடிவு தெரிந்தும் எழுத வரவில்லை.

அறிக்கை வந்துவிட்டது. விபத்துக்குக் காரணம் கதவு முன்னதாகத் திறந்ததுதான், இயக்குபவர்மீது குறை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டு இதை ஒட்டினார்களாம். பக்கத்து வரிசை ஆட்கள் பீர்ப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்கள். அப்பா நடுவில் உட்கார்ந்து, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். அவர் அப்படி எதையும் சொன்னதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சிரித்தார்கள். நம் இருவர் விஷயம் இன்னும் நடக்கிறது. அபராதத்தோடு போய்விடும் என்கிறார் வக்கீல். உன் புதிய விவரம்தான் எனக்குப் பாதி பாரத்தை இறக்கியது. அதற்கு நன்றி. இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா சமையலறைக்குள் வந்து ஒரு துண்டை எடுத்து, ஒரு தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துத் துடைத்தார். ஐந்து வாரத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசினார்.

"அந்த மீன்காரன் வருவானா?"

"வரமாட்டான்பா."

"நீ வரச் சொல்லலையா?"

"இல்ல."

தட்டை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"அவன் நான் சொல்லித்தானே செஞ்சான். எனக்கு அவன் மேல கோவம் ஒண்ணும் இல்ல."

"எனக்கும் இல்லப்பா."

"அப்புறம் என்னடி?"

பதில் சொல்லவில்லை. அதை உனக்குச் சொல்லப் பார்க்கிறேன்.

நீ வந்தால் இந்த மேசையில் உட்காருவாய். அப்பா உனக்கு ரொட்டியை நகர்த்துவார், கிண்டல் செய்வார், நீயும் திருப்பிச் செய்வாய். எல்லாம் பழையபடி இருக்கும். நான் மட்டும் உங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் யாரிடம் பேசுகிறாய் என்று யோசிப்பேன். எனக்கு நல்லது என்று நினைத்து இன்று எதை மறைத்தாய் என்று யோசிப்பேன். நீ எதையும் மறைத்திருக்கமாட்டாய். அப்போதும் யோசிப்பேன். அப்பாவை அப்படிப் பார்த்துக்கொண்டு என்னால் வாழ முடிகிறது, அவர் அப்பா. உன்னை அப்படிப் பார்த்துக்கொண்டு வாழ நான் விரும்பவில்லை. உன்னை நான் அவ்வளவு நம்பினேன்.

என்ன வேண்டும் என்று கேட்டாய். நீ கேட்ட அந்த வரியை நான் பலமுறை படித்தேன். பிப்ரவரியில் அது வந்திருந்தால் உன்னை அன்றே வரச் சொல்லியிருப்பேன்.

பதிவு அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை போய் நம் திருமணத் தேதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அங்கே எனக்கு முன்னால் ஒரு ஜோடி. அந்தப் பெண் அவன் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். பார்க்க நன்றாக இருந்தது.

கோபமாக இருந்தால் தீரும்வரை காத்திரு என்று எழுதியிருப்பேன். கோபம் இல்லை, ஹெனிங். அதனால்தான் காத்திருக்கச் சொல்ல முடியவில்லை.

ரமோனா